வெந்நீர்க் கலன் குறிப்பில் ‘செதில்’ சரியா?

குடியாத்தம் நண்பருக்கு, வெந்நீர்க் கலனுக்குள் ஒட்டும் வெள்ளைப் பூச்சை ஆங்கிலத்தில் ‘ஸ்கேல்’ என்கிறார்களே என்று ‘செதில்’ எனப் போட்டிருக்கிறீர்கள். வேண்டாம். செதில் என்றதும் மீன்தான் நினைவுக்கு வரும்.

‘உப்புப் படிவு’ என்று எழுதுங்கள். வேலூர்ப் பக்கம் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் காய்ச்சும் எந்த வீட்டிலும் “உப்பு படிஞ்சிருக்கு” என்றுதான் சொல்வார்கள். அது சமையல் உப்பு அல்ல, பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். தண்ணீரில் கரைந்திருக்கும் பைகார்பனேட் சூட்டில் சிதைந்து இப்படி ஒட்டுகிறது. ஒரு துளி வினிகர் விட்டால் நுரைக்கும்.

நீங்கள் கேட்ட ‘பொருக்கு’ நல்ல சொல், ஆனால் இடம் வேறு. ஏரி வண்டல் காய்ந்து வெடித்து, ஓரம் சுருண்டு எழும்புமே, அதுதான் பொருக்கு. காய்ந்து, மேலே ஏடாக நின்று, பெயர்ந்து வரக்கூடியது. புண்ணும் பொருக்குத் தட்டும். அதையே பக்கு என்றும் சொல்வோம். படிவு கெட்டியாக ஒட்டியிருக்கும்வரை பொருக்கு ஆகாது. பெயரும்போது “படிவு பொருக்குப் பொருக்காக உதிரும்” என்று தாராளமாக எழுதலாம். எழுத்தில் கவனம்: இடையின ‘ரு’. ‘பொறுக்கு’ என்றால் கீழே கிடப்பதை எடு என்றாகிவிடும்.

செம்பு, பித்தளையில் பச்சையாக ஏறுவது களிம்பு. இரும்பில் துரு. சுவரில் வெள்ளையாகக் கிளம்பினால் ‘உப்புப் பூத்திருக்கிறது’. அங்கே ‘படிவு’ ஒட்டாது.

உங்கள் வரியை இப்படி மாற்றலாம்: “கலனின் உட்புறம் உப்புப் படிவு தடித்தால் தண்ணீர் சூடேற அதிக நேரமாகும்.”