வீடு மாறியதும் நடை குறைந்துவிட்டது: இதயத்துக்கு ஆபத்தா?

கேள்வி: எனக்கு 47 வயது. கணவரும் நானும் பதினொரு ஆண்டுகள் மயிலாப்பூரில், லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் இரண்டாம் மாடியில் குடியிருந்தோம். அலுவலகத்துக்குப் பக்கம் என்பதால் சென்ற ஆண்டு நாவலூர் அருகே ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் ஏழாவது தளத்துக்கு மாறினோம். சாப்பாட்டில் மாற்றம் ஏதும் இல்லை. ஆனால் கைப்பேசி காட்டும் நடைக்கணக்கு நாளொன்றுக்கு 7,000 அடியிலிருந்து 2,500 அடியாக இறங்கிவிட்டது. எடையும் 4 கிலோ கூடியிருக்கிறது. ரத்த அழுத்தம் 136/86, வெறும் வயிற்றில் சர்க்கரை 108, ட்ரைகிளிசரைடு (ரத்தத்தில் உள்ள ஒரு வகைக் கொழுப்பு) 190. அப்பாவுக்கு 53 வயதில் மாரடைப்பு வந்தது. கடைத்தெரு எங்கள் பின் கேட்டிலிருந்து 300 மீட்டர்தான். அந்த கேட்டைப் பூட்டியே வைத்திருப்பதால் ஓ.எம்.ஆர். (பழைய மாமல்லபுரம் சாலை) வழியாக 1.4 கிலோமீட்டர் சுற்றித்தான் போக வேண்டும். ட்ரெட்மில் வாங்கினால் போதுமா, இல்லை வீட்டையே மாற்றிவிடலாமா?

பதில்: ட்ரெட்மில்லையும் வீட்டையும் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு, மயிலாப்பூரில் அந்த 7,000 அடிகள் எங்கிருந்து வந்தன என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். காலையில் பால் பூத், தண்ணித்துறை மார்க்கெட்டில் காய்கறி, சாயங்காலம் கோயில், லஸ் வரை நடந்து பேருந்து, ஒவ்வொரு முறையும் இரண்டு மாடி ஏற்றம், ரசம் கொதிக்கும்போது நினைவுக்கு வந்த கொத்தமல்லிக்காக மறுபடியும் ஓர் இறக்கம் என்று அந்தப் பட்டியல் அநேகமாக நீளும். இவற்றில் ஒன்றைக்கூட நீங்கள் உடற்பயிற்சி என்று சொல்லியிருக்க மாட்டீர்கள். இப்போது லிஃப்டில் இறங்கி அடித்தள வாகன நிறுத்தத்துக்கு வருகிறீர்கள். அங்கிருந்து கார், பிறகு அலுவலக லிஃப்ட். காய்கறியோ செயலியில் சொன்னால் வாசலுக்கே வந்துவிடுகிறது. உங்களுக்குச் சோம்பல் வந்துவிடவில்லை; நடப்பதற்கான காரணங்கள் ஒவ்வொன்றாக உங்களிடமிருந்து எடுக்கப்பட்டுவிட்டன.

குடியிருக்கும் இடத்துக்கு இவ்வளவு வலு உண்டா என்று நீங்கள் ஐயப்படலாம். 10 நாடுகளைச் சேர்ந்த 14 நகரங்களில் 6,822 பேரின் இடுப்பில் அசைவுமானியைக் கட்டி அளந்த ஆய்வு ஒன்று 2016இல் 'லான்செட்' இதழில் வெளிவந்தது. நடப்பதற்கு மிகவும் தோதான பகுதிகளில் வசிப்பவர்கள், தோதே இல்லாத பகுதிகளில் வசிப்பவர்களைவிட வாரத்துக்கு 68 முதல் 89 நிமிடங்கள் கூடுதலாக உடலுக்கு வேலை கொடுத்தார்கள். குடியிருப்பு அடர்த்தி, தெருச் சந்திப்புகளின் எண்ணிக்கை, பேருந்து, ரயில் வசதி, நடக்கும் தூரத்தில் உள்ள பூங்காக்கள் ஆகியவையே இந்த வேறுபாட்டோடு சேர்ந்து வந்தன. அந்த 14 நகரங்களில் இந்திய நகரம் எதுவும் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். சென்னையில் அடர்த்திக்குப் பஞ்சமில்லை. இங்கே குறை பெரும்பாலும் கடைசி 200 மீட்டரில்தான் இருக்கிறது. நடைபாதையாகப் பயன்படும் மழைநீர் வடிகாலின் மூடி ஒன்று உடைந்து கிடந்தாலும் மக்கள் சாலையில் இறங்குகிறார்கள்; சாலையில் தண்ணீர் லாரி வந்தால் மறுநாள் இருசக்கர வாகனத்தை எடுத்துவிடுகிறார்கள்.

ஆனாலும் பழியை முழுவதும் இடத்தின் மீதே போட்டுவிட முடியாது. நடக்கப் பிடித்தவர்கள் நடக்கத் தோதான பகுதியைத் தேடிக் குடியேறுவதும் உண்டு என்பதால், இத்தகைய ஆய்வுகளில் எது காரணம், எது விளைவு என்று பிரிப்பது கடினம். லண்டன் பேருந்துகளை ஆராய்ந்த ஜெரமி மோரிஸ் என்ற மருத்துவர், நாள் முழுவதும் உட்கார்ந்தே இருந்த ஓட்டுநர்களைவிட, மாடிப் பேருந்தில் ஏறி இறங்கிக்கொண்டே இருந்த நடத்துநர்களுக்கு மாரடைப்பு குறைவு என்று 1953இல் காட்டினார். பிறகு 1956இல் அவரே சீருடை அளவுகளை எடுத்துப் பார்த்தபோது, ஓட்டுநர்களின் இடுப்பளவு இளவயதிலேயே பெரிதாக இருந்தது தெரியவந்தது; அதாவது, அந்த வேறுபாட்டுக்கு வேலை மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியவில்லை. தன் முடிவைத் தானே தையற்காரரின் கணக்கைக்கொண்டு சோதித்த அந்த நேர்மை எனக்கு மிகவும் பிடிக்கும். உங்கள் விஷயத்திலும் இடம் மட்டுமே காரணம் ஆகாது: 47 வயது, மாதவிடாய் நிற்கும் பருவத்தை ஒட்டியது; அந்தக் காலத்தில் எடையும் கொழுப்பும் ரத்த அழுத்தமும் தாமாகவே சற்று ஏறக்கூடும். எனினும் ஒரே ஆள், அதே சாப்பாடு, அதே அலுவலகம், வீடு மட்டும் மாறியது என்ற உங்கள் கணக்கு ஒரு சிறிய பரிசோதனையைப் போலவே இருக்கிறது.

நடை குறைவது ஒரு பக்கம் என்றால், அந்த நேரம் உட்காரும் நேரமாக மாறுவது இன்னொரு பக்கம். உடலின் மிகப் பெரிய தசைகள் தொடையிலும் பிட்டத்திலும் இருக்கின்றன. அவை அசையாதபோது ரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுப்பது குறைகிறது. ட்ரைகிளிசரைடைப் பிரித்தெடுக்கும் லிப்போபுரோட்டீன் லைபேஸ் என்ற நொதியும் மந்தமாகிறது. கால் தமனிகளில் ரத்த ஓட்டம் தளர்வதால், தேவைக்கேற்ப விரிந்துகொடுக்கும் திறனை அவற்றின் உட்படலம் தற்காலிகமாக இழக்கிறது. தொடர்ந்து 3 மணி நேரம் உட்கார்ந்தாலே இந்தத் தளர்வை அளக்க முடிகிறது; மணிக்கு ஒரு முறை 5 நிமிடம் மெதுவாக நடந்தவர்களுக்கு அது ஏற்படவில்லை.

ட்ரெட்மில் பற்றிய கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கிறது. தினமும் 30 நிமிடம் அதில் நடந்தால் சுமார் 3,000 அடிகள் கிடைக்கும். வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உழைப்பு வேண்டும் என்ற உலக சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டுதலையும் எட்டிவிடலாம். ஆனால் அதே வழிகாட்டுதல் உட்காரும் நேரத்தைக் குறைக்கவும் தனியாகச் சொல்கிறது. நாளுக்கு 8 மணி நேரத்துக்கு மேல் உட்காருபவர்கள் அதனால் கூடும் ஆபத்தை ஈடுகட்ட தினமும் 60 முதல் 75 நிமிடங்கள் வரை மிதமாக உழைக்க வேண்டியிருக்கும் என்பது, 10 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் தரவுகளைத் திரட்டிய 2016ஆம் ஆண்டு ஆய்வின் கணக்கு. அரை மணி நேரம் ட்ரெட்மில்லில் நடந்துவிட்டு மீதி நாளை நாற்காலிக்குக் கொடுத்தால் பாதிக் கடன்தான் அடையும். வாங்க வேண்டாம் என்று சொல்லவில்லை. முதலில் வாங்க வேண்டிய பொருள் அதுவல்ல.

உங்கள் பரிசோதனை எண்களில் எதுவும் அவசர நிலையைக் காட்டவில்லை. ஆனால் மூன்றும் விரும்பத்தக்க அளவைத் தாண்டியிருக்கின்றன. அதோடு, தந்தைக்கு 55 வயதுக்கு முன் மாரடைப்பு வந்திருப்பதை மருத்துவர்கள் தனி ஆபத்துக் காரணியாகவே எடுத்துக்கொள்வார்கள். வீட்டில் ஒரு வாரம் காலையும் மாலையும் ரத்த அழுத்தத்தை அளந்து குறித்துக்கொண்டு, எச்பிஏ1சி (சுமார் மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் பரிசோதனை), முழுக் கொழுப்புப் பரிசோதனை, ஈசிஜி ஆகியவற்றுடன் ஒரு மருத்துவரைப் பாருங்கள். மாடி ஏறும்போது நெஞ்சில் இறுக்கமோ, தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலியோ, வழக்கத்துக்கு மாறான மூச்சிரைப்போ இருந்தால் கீழே சொல்லும் எதையும் தொடங்கும் முன்பே அவரைப் பார்க்க வேண்டும். ஓய்விலும் அது நீடித்தால் 108ஐ அழையுங்கள்.

இனி, இழந்த 4,500 அடிகளை மீட்கும் வழிக்கு வருவோம். அலுவலகத்தில் மணிக்கு ஒரு முறை எழுந்து தண்ணீர் பிடிக்கும் இடம் வரை போய் வாருங்கள். கைப்பேசி அழைப்புகளை நடந்துகொண்டே பேசுங்கள். வீடு திரும்பும்போது நான்காவது தளத்தில் லிஃப்டை விட்டு இறங்கி மீதி மூன்று மாடியைப் படியில் ஏறுங்கள்; முழங்கால் வலி இருந்தால் இதைத் தவிர்க்கலாம். இரவு உணவுக்குப் பின் குடியிருப்பின் உள்சாலையில் கணவரோடு 15 நிமிடம் நடப்பது, சாப்பாட்டுக்குப் பின் ஏறும் சர்க்கரையைக் கணிசமாகத் தணிக்கும். புகையும் இரைச்சலும் மிகுந்த ஓ.எம்.ஆர். ஓரமாக நடைப்பயிற்சி செய்ய வேண்டாம். சித்திரை, வைகாசி வெயிலில் காலை ஏழு மணிக்குள் முடித்துவிடுங்கள். 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டத்தில் 2023 நவம்பர் முதல் மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதைகளை அரசு அடையாளப்படுத்தியது நல்ல முயற்சிதான். ஆனால் நடப்பதற்காக காரில் ஏறிப் போகும் ஏற்பாடு பெரும்பாலோருக்கு இரண்டு வாரங்களுக்கு மேல் நீடிப்பதில்லை என்பது என் அனுபவம்.

வீடு மாற்றுவதைப் பற்றி இப்போதே முடிவெடுக்க வேண்டாம். வாடகை வீடு என்றால் 11 மாத ஒப்பந்தம் முடியும் வரை காத்திருங்கள். அடுத்த வீட்டைப் பார்க்கப் போகும்போது மாலை ஏழு மணிக்குப் போய், வாசலிலிருந்து 15 நிமிட நடையில் பால், காய்கறி, மருந்துக்கடை, பேருந்து நிறுத்தம் ஆகியவற்றில் எத்தனை இருக்கின்றன, தெருவிளக்கு எரிகிறதா, பெரிய சாலையைக் கடக்காமல் போக முடிகிறதா என்று நடந்தே பாருங்கள்.

அதற்கு முன் அந்தப் பின் கேட்டைத் திறக்க முடியுமா என்று பாருங்கள். அதன் வழியாகக் கடைக்குப் போய்வர 600 மீட்டர், சுமார் 850 அடிகள். காலை ஒன்று, மாலை ஒன்று என்றால் 1,700 அடிகள், அதாவது நீங்கள் இழந்ததில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். ஆய்வாளர்கள் தெருச் சந்திப்புகளை எண்ணி அளப்பதும் இந்தச் சுருக்கு வழிகளைத்தான். பாதுகாப்புக்காகப் பூட்டினோம் என்று குடியிருப்போர் நலச் சங்கத்தினர் சொல்வார்கள். அந்தக் கவலையில் நியாயமும் இருக்கிறது. எனவே காலை 6 முதல் 9 மணி வரையும் மாலை 5 முதல் 8 மணி வரையும் ஒரு காவலாளியுடன், ஒரு மாதத்துக்குச் சோதனை முறையில் திறக்கும்படி கேளுங்கள். மனுவில் இதயம், மாரடைப்பு என்றெல்லாம் எழுத வேண்டியதில்லை. ஒரு கோட்டுப்படம் வரைந்து, பின் கேட் வழி 300 மீட்டர், முன் கேட் வழி 1.4 கிலோமீட்டர் என்று இரண்டு எண்களை மட்டும் அதில் குறித்துக் கொடுங்கள்.