‘சிறுவிடைக் குஞ்சு’ என்று கேட்டு வாங்கினால் எதைத் தருவார்கள்?

கேள்வி: கோபிசெட்டிபாளையம் பக்கம் எங்கள் தோட்டத்தில் முட்டைக்காக நாட்டுக்கோழி வளர்க்கப் போகிறோம். ‘சிறுவிடைக் குஞ்சு கிடைக்கும்’ என்று ஒரு விளம்பரம் பார்த்தோம். விடை என்றால் முட்டைக்கு வரும் கோழிதானே, அது எப்படிக் குஞ்சாகும்? முன்பணம் கட்டலாமா?

பதில்: கட்டுவதற்கு முன் கேட்டீர்களே, நல்லது. நம் பக்கம் ‘விடை’ இரண்டு விதமாகப் புழங்குகிறது. முட்டைக்கு வரும் தறுவாயில் நிற்கும் இளம்பெட்டை விடைக்கோழி, பேச்சில் வெடக்கோழி. நாட்டுக்கோழி அந்தப் பருவத்துக்கு வர ஏறக்குறைய 6 மாதம் பிடிக்கும். சிறுவிடை, பெருவிடை என்பவையோ ரகங்கள். சிறுவிடை உடல் சிறுத்தது, அடைக்கு நன்றாக உட்காரும். பெருவிடை உயரமும் எடையும் கூடியது. ஆக விளம்பரத்தில் இருப்பது சிறுவிடை ரகத்துக் குஞ்சு, அவ்வளவுதான். அதில் சேவலும் இருக்கும், பெட்டையும் இருக்கும்.

நான் கவலைப்படுவது ‘குஞ்சு’ என்ற சொல்லுக்காகத்தான். 21 நாள் அடையிருந்து ஓடு உடைத்து வந்ததும் குஞ்சு. இறகு முளைத்து ஒரு மாதம் ஆனதும் குஞ்சு. விற்பவர் இரண்டையும் ஒரே பேரில் சொல்வார். வளர்ப்பில் இரண்டுக்கும் எவ்வளவோ தூரம்.

ஒருநாள் குஞ்சின் வயிற்றில் மஞ்சள்கரு மிச்சம் இருப்பதால், இரண்டு நாள் தீனியில்லாமல் பயணம் தாங்கும். குளிர் தாங்காது. தாய்க்கோழி இல்லாத இடத்தில் பல்பு கட்டி, முதல் வாரம் 35 டிகிரி செல்சியஸ் சூடு கொடுத்து, பிறகு வாரத்துக்கு 3 டிகிரி வீதம் குறைக்க வேண்டும். குஞ்சுகளே சொல்லிவிடும்: பல்புக்கடியில் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் குவிந்தால் சூடு போதவில்லை, வாய் பிளந்து ஓரமாக ஒதுங்கினால் சூடு அதிகம், பரவலாக நின்று மேய்ந்தால் சரி. மார்கழிப் பனியில் இரவு எழுந்து பார்த்தே தீரவேண்டும். குவிந்த இடத்தில் அடியில் கிடப்பவை மூச்சு முட்டிச் செத்துவிடும். 7-ஆம் நாளையொட்டி வெள்ளைக்கழிச்சல் என்ற கோழி நோய் வராமலிருக்கச் சொட்டு மருந்தும் விடவேண்டும்.

ஒரு மாதக் குஞ்சு இந்தக் கண்டத்தைத் தாண்டியது. பகலில் பருந்துக்குக் காவல், இரவில் கொடாப்பு (கோழியை அடைக்கும் கூடை), பெரும்பாலும் போதும். முதல் தடவை வளர்ப்பவர் விலை கூடினாலும் இதையே வாங்கலாம் என்பது என் கருத்து.

விற்பவரிடம் ‘எத்தனை நாள் குஞ்சு, எந்த மருந்து எந்த நாளில் விட்டீர்கள்’ என்று கேட்டு, பில்லில் எழுதி வாங்குங்கள். பெட்டை மட்டும் போதும் என்றால் குஞ்சு என்று கேட்காமல் விடைக்கோழி என்றே கேளுங்கள்.