மலாக்காவில் பழைய கப்பல் பார்க்கப் போகலாமா?

கேள்வி: மலாக்கா கடல்சார் அருங்காட்சியகத்தில் பழைய கப்பல் வைத்திருக்கிறார்களாமே, பிள்ளைகளைக் கூட்டிப் போகலாமா?

தாராளமாகப் போகலாம். ஆனால் ஆற்றங்கரையில் நிற்கும் அந்தப் பெரிய மரக்கப்பல் பழையது இல்லை, நகல். அசல் ‘ஃப்ளோர் டி லா மார்’ 1511இல் போர்த்துகீசியர் மலாக்காவில் கொள்ளையடித்ததை ஏற்றிக்கொண்டு போய், சுமத்ரா பக்கம் முழுகிவிட்டது. கொள்ளைக்காரன் கப்பலுக்கு இவ்வளவு மரியாதையா என்று எனக்கு இருக்கும். பிள்ளைகளுக்கு அந்தக் கவலை எல்லாம் இல்லை.

நாங்கள் ஜாசின், இதே மலாக்கா மாநிலம்தான். பால்மரம் என்கிற ரப்பர் போய், எண்ணெய் எடுக்கும் செம்பனை வந்துவிட்ட ஊர். போன விடுமுறையில் காலையில் பசியாறிவிட்டு, பாட்டியையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினோம். உள்ளே ஒரு சுற்று வந்ததும் பாட்டி கேட்டார், “ரஜுலா எங்கடா?”

கல்யாணமான கையோடு பாட்டி நாகப்பட்டினத்தில் ஏறியது அந்தக் கப்பலில்தான். டெக்கில் பாய் விரித்து, டிரங்குப் பெட்டியில் தலை வைத்து, பினாங்கு வரைக்கும் வாந்தி. ஊறுகாயை நக்கிக்கொண்டே வந்தாராம். தோட்டப்புறத்தில் பாதிக் குடும்பங்களுக்கு இந்தக் கதை இருக்கும். 1926இல் கட்டிய கப்பல். 1974இல் உடைத்து இரும்பாக்கிவிட்டார்கள் என்று சொன்னேன். “அடப்பாவிகளா” என்றவர், அப்புறம் எதையும் நின்று பார்க்கவில்லை.

சரி, அசல்தான் வேண்டும் என்றால் சாலைக்கு எதிர்ப்பக்கம் கடற்படைப் பிரிவில் ‘ஸ்ரீ திரெங்கானு’ ரோந்துக் கப்பல் இருக்கிறது. 1960களில் நம் மலேசியக் கடற்படையில் ஓடியது. ஆனால் நான் சொல்வது, கிளேபாங் கடற்கரையில் இருக்கும் நீர்மூழ்கிக் கப்பலை விட்டுவிடாதீர்கள். ‘உவெஸ்ஸான்’ என்று பெயர். பிரெஞ்சுக் கடற்படையில் அது ஓய்வு பெற்றபின் நம்மவர்கள் அதில்தான் நீர்மூழ்கி வேலை பழகினார்கள். 2011இல் இங்கே கொண்டுவந்து தரையேற்றினார்கள். வெளியே 67 மீட்டர் நீளம். உள்ளே எதிரே ஒருவர் வந்தால் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டியதுதான். எங்கு பார்த்தாலும் குழாய், வால்வு. படுக்கைகள் ஒன்றின்மேல் ஒன்று. தோட்டத் தொழிலாளர்களின் நெருக்கமான லயத்து வீட்டில் வளர்ந்த எனக்கே மூச்சு முட்டியது. முட்டி வலி உள்ளவர்களுக்கு ஒத்துவராது. சுற்றிலும் நிழலும் கம்மி, காலையிலேயே போய்விடுங்கள்.

பாட்டி உள்ளே வரவில்லை. வெளியே தேங்காய் ஷேக் குடித்துக்கொண்டிருந்தார். என்னடா பார்த்தீங்க என்றார். என் மகன் மூச்சு விடாமல் எல்லாம் சொன்னான்.

“ஜன்னல் இருக்கா?”

“இல்ல பாட்டி.”

“ரஜுலாவுல ராத்திரி நல்லா காத்து வரும்” என்றார்.