குழந்தையின் தோலில் 5-ஆல்ஃபா ரிடக்டேஸ் வயதோடு எப்படி மாறுகிறது?

டெஸ்டோஸ்டிரோனை அதைவிட வீரியமான டைஹைட்ரோடெஸ்டோஸ்டிரோனாக மாற்றும் இந்த நொதியில் முக்கியமாக இரண்டு வகை. பிறந்த குழந்தையின் தோலிலும் உச்சந்தலையிலும் இரண்டுமே இருக்கும். 2–3 வயதுவாக்கில் மறைந்துவிடும். முதல் வகை மட்டும் பருவமடையும்போது திரும்ப வந்து நிலைக்கும். பிறப்புறுப்புத் தோல் தனிக் கதை. அங்கே கருவிலிருந்தே இரண்டாம் வகையின் ஆட்சிதான்.

பரிசோதனையில் சறுக்குவது வயதைக் கவனிக்காததால்தான். இரண்டாம் வகைக் குறைபாட்டைச் சந்தேகித்து ஆண் குழந்தைக்கு இரு ஹார்மோன்களின் விகிதம் பார்ப்பார்கள். 1–3 மாதத்தில் டெஸ்டோஸ்டிரோன் தானாகவே உயர்ந்திருக்கும், நேரடியாக அளக்கலாம். 6 மாதத்துக்குப் பின் இரு ஹார்மோன்களுமே அடிமட்டத்தில் கிடக்கும். அப்போது டெஸ்டோஸ்டிரோன் சுரப்பைத் தூண்டும் எச்சிஜி ஹார்மோன் ஊசி போடாமல் எடுத்த விகிதத்தை நம்பக் கூடாது. விகிதம் இயல்பாக வந்தாலும் குறைபாடு இல்லையென்று அடித்துச் சொல்ல முடியாது. இரண்டாம் வகை நொதிக்கான எஸ்ஆர்டி5ஏ2 மரபணுவைப் பார்த்துவிடுவதே மேல்.