என்.சி.சி. டீச்சரிடம் கேளுங்கள்

(வடசென்னையில் ஒரு பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. 17 வருடங்களாக அங்கே என்.சி.சி. (தேசிய மாணவர் படை) பொறுப்பும் அவருடையதுதான். வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறார்.)

ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் மகன் என்.சி.சி.யில் சேர்ந்துவிட்டான். பின்னால் கட்டாயமாக ராணுவத்துக்கு இழுத்துக்கொள்வார்கள் என்று என் மாமியார் பயப்படுகிறார். படிப்பும் கெடும் என்கிறார். உண்மையா?
– ஒரு தாய், பெரம்பூர்

உங்கள் மாமியாரின் பயத்துக்கு ஒரு பழைய காரணம் உண்டு அம்மா. சீனப் போருக்குப் பிறகு 1963-ல் கல்லூரி மாணவர்களுக்கு என்.சி.சி.யைக் கட்டாயமாக்கினார்கள். 1968-ல் மறுபடியும் விருப்பப்பட்டவர்களுக்கு மட்டும் என்று ஆனது. அந்தக் காலத்துப் பேச்சு இன்னும் வீடுகளில் இருக்கிறது. 1948-ல் வந்த என்.சி.சி. சட்டமே, கேடட்டாக, அதாவது என்.சி.சி. மாணவராக, இருப்பதால் மட்டும் ஒருவரைப் போருக்கு அழைக்க முடியாது என்று சொல்கிறது. பள்ளியில் இரண்டு வருடம், பத்து நாள் முகாம் ஒன்று, முடிவில் 'ஏ' சான்றிதழ்த் தேர்வு. அவ்வளவுதான். பின்னாளில் காவலர் வேலைக்கு விண்ணப்பித்தால் சீருடைப் பணியாளர் தேர்வில் என்.சி.சி. சான்றிதழுக்குத் தனி மதிப்பெண் உண்டு.

படிப்பு கெடுமா என்றால், சனிக்கிழமை காலையில் இரண்டு மணி நேரம் போகும். அதனால் மதிப்பெண் குறைந்த பிள்ளையை நான் பார்த்ததில்லை. தேர்வு நேரத்தில் பரேடு வைக்கும் ஆசிரியரைப் பார்த்திருக்கிறேன். அப்படி நடந்தால் தயங்காமல் போய்ப் பேசுங்கள்.

எனக்கு இந்த வருடம் என்.சி.சி. பொறுப்பு கொடுத்திருக்கிறார்கள். பள்ளி நகரத்துக்கு நடுவில் இருக்கிறது. மைதானம் கிடையாது. 50 மாணவிகள். தலைமைப் பண்பு வளர்க்க வேண்டும் என்று கையேட்டில் இருக்கிறது. அதை எப்படிச் சொல்லிக்கொடுப்பது?
– ஓர் ஆசிரியை, மதுரை

எங்களுக்கும் மைதானம் கிடையாது டீச்சர். மாநகராட்சித் திடலில் காலை ஆறரைக்கு ஆரம்பித்து, எட்டரைக்கு கிரிக்கெட் பையன்கள் வந்து ஸ்டம்ப் நடுவதற்குள் முடித்துவிடுவோம். ஐம்பது பேர் நிற்க ஓர் இடம் கிடைத்தால் போதும், மற்றதெல்லாம் பழகிவிடும்.

நான் 2008-ல் குவாலியரில் என்.சி.சி. ஆசிரியைகளுக்கான பயிற்சி முடித்து வந்தேன். மூன்று வயது மகளை அம்மாவிடம் விட்டுவிட்டுப் போன பயிற்சி அது. திரும்பி வந்து முதல் வருடமே ஒரு தவறு செய்தேன். நல்ல உயரம், மைதானமே அதிரும் குரல் என்று ஒரு மாணவியைப் பார்த்து அவளையே சார்ஜென்ட், அதாவது மாணவிகளுக்குத் தலைவி, ஆக்கினேன். 'தாயினே... முட்' (வலப்பக்கம் திரும்பு) என்று அவள் சொன்னால் ஐம்பது பேரும் ஒரே ஆளாகத் திரும்புவார்கள். எனக்கு அத்தனை பெருமை. நான்கு மாதம் கழித்து ஒருநாள் மதிய இடைவேளையில் ஆய்வகத்துக்குப் பின்னால் போனேன். எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி தரையில் உட்கார்ந்து பெல்ட் பித்தளையைப் பிராசோ பாலிஷ் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். விரல் நுனியெல்லாம் கறுப்பு. பக்கத்தில் இன்னும் இரண்டு பெல்ட். “யாருடையது?” என்றேன். பதில் இல்லை. மூன்றாவது முறை கேட்டபோது, “அக்காங்களோடது டீச்சர். தப்பா வந்தா ஓடச் சொல்வாங்க” என்றாள்.

அந்த சார்ஜென்ட்டைப் பதவியிலிருந்து இறக்கினேன். ஆனால் அவளை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. கட்டளை கொடுக்க மட்டும்தான் நான் கற்றுக்கொடுத்திருந்தேன். அதற்கப்புறம்தான் யோசித்து, எங்கள் ட்ரூப்பில் நடைமுறையை மாற்றினேன். இன்றுவரை அதுதான்.

50 பேரைப் பத்துப் பத்தாக ஐந்து செக்‌ஷன் ஆக்குங்கள். ஒவ்வொரு செக்‌ஷன் கமாண்டர் கையிலும் ஒரு 40 பக்க நோட்டு. அதில் யார் வந்தார்கள், யார் வரவில்லை என்று எழுத வேண்டும். 'வரவில்லை' என்று மட்டும் எழுதி என்னிடம் கொண்டுவரக் கூடாது, ஏன் வரவில்லை என்று தெரிந்திருக்க வேண்டும். தெரியாவிட்டால் போய்க் கேட்டு வர வேண்டும். அதிகாரம் என்று நான் அவர்களுக்குக் கொடுப்பது இந்த நோட்டு ஒன்றைத்தான். சீனியர் யாரும் ஜூனியருக்குத் தண்டனை கொடுக்கக் கூடாது. ஓடவிடுவது, தவளைப் பாய்ச்சல், எதுவும் கிடையாது.

ஒரு வருடம் சுதந்திர தின ஒத்திகையில் ஒரு பெண் மயங்கி விழுந்தாள். சாவ்தானில், அதாவது விறைப்பாக, நீண்ட நேரம் நிற்கும்போது முட்டியை இறுக்கிக்கொண்டால் ரத்தம் காலிலேயே தங்கிவிடும், பூட்ஸுக்குள் கால்விரல்களை அசைத்துக்கொண்டே நில் என்று நாங்கள் சொல்லித்தான் கொடுப்போம். அதையே மறுபடியும் சொல்ல ஆரம்பித்தேன். அவளுடைய செக்‌ஷன் கமாண்டர், பத்தாம் வகுப்பு, அதிகம் பேசாத பிள்ளை, நோட்டோடு வந்தாள். “அது இல்ல டீச்சர். இவ சனிக்கிழமை சாப்பிடாமத்தான் வருவா. அவங்க அம்மா விடியறதுக்கு முன்னாடியே காசிமேடு போயிடுவாங்க மீன் எடுக்க” என்றாள். நோட்டில் தேதியோடு மூன்று சனிக்கிழமை குறித்து வைத்திருந்தாள்.

அரசின் காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. என் பிள்ளைகள் ஒன்பதாம் வகுப்பு. பரேடு முடிந்த பிறகுதான் டிபன் என்பது காலம்காலமாக வருகிற வழக்கம். அடுத்த வாரத்திலிருந்து வாழைப்பழமும் பிஸ்கெட்டும் பரேடுக்கு முன்னாலேயே என்று மாற்றினோம். இத்தனை வருடம் திடலில் நின்ற எனக்குத் தெரியாதது அந்தப் பதினைந்து வயதுப் பிள்ளைக்குத் தெரிந்திருந்தது. அவளைத்தான் பிறகு சார்ஜென்ட் ஆக்கினேன். குரல் சின்னதுதான். அதைப் பயிற்சியில் வளர்க்க முடிந்தது.

குரல் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் புதிதாக வரும் ஆசிரியைகள் இதில்தான் தடுமாறுகிறார்கள். கத்தினால் தொண்டை கட்டும். அடிவயிற்றிலிருந்து வர வேண்டும். கட்டளையின் முதல் பாதியை நீட்ட வேண்டும், கேட்பவர்கள் தயாராவதற்காக. இரண்டாம் பாதியைச் சட்டென்று வெட்ட வேண்டும். நடுவில் ஒரு சின்ன இடைவெளி. நடந்துகொண்டிருக்கும்போது சொன்னால், எந்தக் கால் தரையில் படும்போது சொல்கிறோம் என்பதும் கணக்கு. பிந்திச் சொன்னால் பாதிப் பேர் திரும்பிவிடுவார்கள், பாதிப் பேர் நேராகப் போவார்கள். ஒவ்வொரு சனிக்கிழமையும் ஐந்து நிமிடம் வெவ்வேறு பிள்ளைக்கு ஸ்குவாடை, அதாவது வரிசையில் நிற்கும் அணியை, நடத்தக் கொடுங்கள். தப்பாகச் சொன்னால் யாரும் சிரிக்கக் கூடாது என்பதில் மட்டும் கறாராக இருங்கள். மற்ற எதிலும் அவ்வளவு கறார் தேவையில்லை.

பள்ளிப் பிள்ளைகள் கையில் துப்பாக்கியைக் கொடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. ஓர் ஆசிரியராக உங்களுக்கு இது உறுத்தவில்லையா?
– ஓய்வு பெற்ற தபால் ஊழியர், தஞ்சாவூர்

உறுத்தியது ஐயா. முதல் முகாமில் பிள்ளைகளைத் துப்பாக்கி சுடும் ரேஞ்சுக்குக் கூட்டிப்போனபோது என் கை நடுங்கியது. அங்கே என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். பாயின்ட் 22 ரைபிள். இலக்கு 25 மீட்டரில். குப்புறப் படுத்துக்கொண்டுதான் சுட வேண்டும். ஒவ்வொருவர் பக்கத்திலும் ராணுவத்திலிருந்து வந்த பயிற்றுநர் ஒருவர் இருப்பார். பிள்ளைகள் அவர்களை உஸ்தாத் என்பார்கள். தோட்டாவை எண்ணிக் கொடுப்பார்கள், காலி உறைகளையும் எண்ணித்தான் திரும்ப வாங்குவார்கள். ஓர் உறை குறைந்தால் எல்லாரும் புல்லில் உட்கார்ந்து தேட வேண்டும். ரைபிள் காலியாக இருந்தாலும் குழலை மனிதர் பக்கம் திருப்பக் கூடாது என்பது முதல் பாடம்.

வகுப்பில் ஒரு நிமிடம் சும்மா இருக்காத பிள்ளை, அங்கே மூச்சை இழுத்து, பாதி விட்டு, நிறுத்தி, விரலை மெதுவாக அழுத்துவதைப் பார்த்திருக்கிறேன். ஐந்து தோட்டாவும் ஒரு ரூபாய் நாணய அளவுக்குள் விழுந்தபோது அவள் முகம் எப்படி இருந்தது என்பது எனக்கு மறக்காது. அது பிறரைச் சுடும் ஆசையாக எனக்குத் தெரியவில்லை. ஆனாலும் உங்கள் கேள்வி நியாயமானது. மகளைச் சுட அனுப்ப வேண்டாம் என்று ஒரு பெற்றோர் எழுதிக் கொடுத்தால், நான் அந்தப் பிள்ளையை வற்புறுத்துவதில்லை.

தமிழ்நாட்டுப் பள்ளியில் ஏன் இந்தியில் கட்டளை?
– கல்லூரி மாணவர், ஈரோடு

இது இன்று வந்த கேள்வி இல்லை தம்பி. 1968 ஜனவரியில், அண்ணா முதலமைச்சராக இருந்தபோது, சட்டமன்றம் நிறைவேற்றிய மொழித் தீர்மானத்திலேயே என்.சி.சி.யின் இந்திக் கட்டளைகள் கூடாது என்று இருந்தது. ஆனாலும் நாடு முழுக்க ஒரே கட்டளைச் சொற்கள் என்பது படைகளின் நடைமுறை, அது இன்றும் தொடர்கிறது.

என் வகுப்பில் முதல் நாள் தமிழில்தான் ஆரம்பிப்பேன். வலப்பக்கம் திரும்பு என்றால் என்ன என்று உடம்புக்குத் தெரிந்த பிறகு 'தாயினே முட்'. பொருள் தெரியாமல் ஒரு சொல்லுக்குக் கீழ்ப்படியும் பழக்கத்தைப் பிள்ளைகளுக்கு நான் தர மாட்டேன். இதில் எதிர்பாராத ஒரு நல்லதும் நடந்தது. பீகாரிலிருந்து வந்த கட்டடத் தொழிலாளி ஒருவரின் மகள் எங்கள் பள்ளியில் சேர்ந்தாள். தமிழ் வராது என்பதால் கடைசி பெஞ்சில் வாயே திறக்காமல் இருப்பாள். பரேடில் முதல் முறையாக எல்லாரும் அவளிடம், “இதை எப்படிச் சொல்லணும்?” என்று போய் நின்றார்கள். அவள் உச்சரிப்பு சொல்லிக்கொடுத்தாள், இவர்கள் அவளுக்கு 'ழ' சொல்லிக்கொடுத்தார்கள். ஆறு மாதத்தில் நன்றாகவே தமிழ் பேசினாள்.

மகளைப் பத்து நாள் முகாமுக்கு அனுப்பக் கேட்கிறார்கள். கிருஷ்ணகிரியில் என்.சி.சி. முகாம் என்ற பெயரில் பள்ளி மாணவிகளுக்கு நடந்த பாலியல் கொடுமையைப் படித்ததிலிருந்து மனது ஒப்பவில்லை.
– ஒரு தாய், ஆவடி

2024-ல் அந்தச் செய்தி வந்த அன்று என் பிள்ளைகளின் அம்மாக்கள் எத்தனை பேர் போன் செய்தார்கள் தெரியுமா? உங்கள் பயம் சரியானது. அங்கே நடந்தது என்.சி.சி. முகாமே இல்லை. அந்தப் பள்ளிக்கு என்.சி.சி. பிரிவே கிடையாது. பெயரை வைத்து ஏமாற்றிய ஒரு கும்பல், அதை விசாரிக்காமல் உள்ளே விட்ட பெரியவர்கள். அந்தக் குழந்தைகளை நினைத்தால் இப்போதும் வயிறு கலங்குகிறது.

அதனால் நீங்கள் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவை சில உண்டு. உங்கள் மகளுக்கு என்.சி.சி. பதிவு எண் இருக்கிறதா? முகாம் உத்தரவு எந்த பட்டாலியனிலிருந்து (பள்ளிகளின் என்.சி.சி.யை நடத்தும் படைப்பிரிவு) வந்தது? அந்த பட்டாலியன் அலுவலகத்துக்கு நீங்களே நேரில் போகலாம், யாரும் தடுக்க முடியாது. கூடவே போய்த் தங்கும் பெண் ஆசிரியை யார்? இரவில் பிள்ளைகள் இருக்கும் இடத்திலேயே அவரும் படுக்கிறாரா? பிள்ளை வீட்டுக்குப் பேச எந்த நேரம்? பள்ளி வளாகத்திலேயே, விடுமுறையில், வெளியாட்கள் நடத்தும் 'முகாம்' என்றால் அனுப்பவே வேண்டாம். இந்தக் கேள்விகளைக் கேட்டதற்காக எரிச்சல்படும் ஆசிரியையோடும் அனுப்ப வேண்டாம். என்னிடம் கேட்ட அம்மாக்களை நான் முகாம் வாசல்வரை கூட்டிப்போய்ப் படுக்கும் இடத்தைக் காட்டினேன்.

நான் பத்தாம் வகுப்பு. ஒரு பரேடுகூட விட்டதில்லை. டிரில் போட்டியில் முதல் பரிசு. ஆனால் சார்ஜென்ட் பதவியை என் தோழிக்குக் கொடுத்துவிட்டார்கள். விலகிவிடலாமா?
– ஒரு கேடட், சேலம்

விலகாதே கண்ணு. முதலில், உனக்கு வலிப்பது நியாயம். இரண்டு வருடம் விடியற்காலையில் எழுந்து, சீருடையை இஸ்திரி போட்டு, ஒரு நாள் தவறாமல் வந்தவளுக்கு வலிக்கத்தான் செய்யும். ஏன் கிடைக்கவில்லை என்று உன் டீச்சரிடம் நேராகக் கேள். கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. பதில் சொல்வது அவர் கடமை. 75 சதவீத வருகையும் முகாமும் இருந்தால் உன் 'ஏ' சான்றிதழ் தேர்வுக்கும் இந்தப் பதவிக்கும் சம்பந்தமில்லை, அதை விட்டுவிடாதே.

அப்புறம் ஒரு வேலை சொல்கிறேன், செய்வாயா? உயரப்படி நிற்க வைக்கும்போது நெட்டையானவர்கள் இரண்டு ஓரத்துக்கும் போய்விடுவார்கள். குட்டையான பிள்ளைகள் ஸ்குவாடின் நடுவில் மறைந்துவிடுவார்கள், எதிரே நிற்கும் எங்களுக்கே சரியாகத் தெரியாது. பெரும்பாலும் இந்த வருடம் புதிதாகச் சேர்ந்தவர்கள். அவர்களில் ஒருத்திக்காவது தொப்பி சரியாக நிற்காது, பூரி மாதிரி உப்பிக்கொண்டிருக்கும். சனிக்கிழமை பத்து நிமிடம் முன்னதாகப் போய் அவளைக் கூப்பிட்டு உட்கார வை. அந்த பெரட் தொப்பியை வெந்நீரில் நனைத்துப் பிழி. ஈரத்தோடு அவள் தலையில் வைத்து, பேட்ஜ் இடது கண்ணுக்கு மேலே வருகிற மாதிரி சரிபார்த்து, துணியை வலப்பக்கம் இழுத்துக் காதுவரை தடவி விடு. காய்கிறவரை கழற்றக் கூடாது. அதுவரை அவளோடு பேசிக்கொண்டிரு, அவள் பெயர் என்ன, வீடு எங்கே என்று கேள்.