வாடகை காருக்கு 'டேமேஜ் கவர்' எடுக்கலாமா?

கேள்வி: நவம்பரில் குடும்பத்தோடு பாண்டிச்சேரி போக செல்ஃப் டிரைவ் கார் புக் பண்ணப் போனால், 'டேமேஜ் கவர்' என்று தனியாகப் பணம் கேட்கிறார்கள். வண்டிக்குத்தான் ஏற்கெனவே இன்சூரன்ஸ் இருக்குமே? - வாசகி, வேளச்சேரி

பதில்: இருக்கும். ஆனால் சட்டப்படி கட்டாயமானது தேர்டு பார்ட்டி மட்டும்தான், அதாவது நீங்கள் யார் மேலாவது இடித்தால் அவருக்குப் போகும் இழப்பீடு. வாடகை வண்டியில் விழும் கீறலுக்கும் ஒடுக்குக்கும் அதில் பைசா கிடையாது. முழு பாலிசியே எடுத்திருந்தாலும் பம்பர் கீறலுக்காக நோ கிளெய்ம் போனஸை (கிளெய்ம் கேட்காமல் இருந்தால் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி) யார் விடுவார்கள், உங்கள் டெபாசிட்டில் கை வைப்பது சுலபமாயிற்றே!

இந்த டேமேஜ் கவர் பல இடங்களில் இன்சூரன்ஸே இல்லை. 'இவ்வளவுக்கு மேல் உங்களிடம் வாங்க மாட்டோம்' என்று வாடகைக்கு விடும் கம்பெனி சொல்வது, அவ்வளவுதான். அந்த 'இவ்வளவு' எவ்வளவு என்று கேளுங்கள். கவர் இல்லாமல் அதிகபட்சம் 10,000 ரூபாய், எடுத்தால் 8,000, கவருக்கே 1,500 என்றால் நான் எடுக்க மாட்டேன். உச்சவரம்பே இல்லை, மொத்தச் செலவும் உங்கள் தலையில்தான் என்றால் யோசிக்காமல் எடுத்துவிடுங்கள். டயர், வண்டியின் அடிப்பாகம், சாவி தொலைவது இதெல்லாம் கவரில் வருமா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள், பெரும்பாலும் அங்கேதான் கையை விரிப்பார்கள். குடித்துவிட்டு ஓட்டினால் எந்தக் கவரும் செல்லாது.

அப்புறம், நவம்பர் என்கிறீர்கள், வேளச்சேரி வேறு. 2024 அக்டோபரில் மழை எச்சரிக்கை வந்ததுமே உங்கள் ஊர் மேம்பாலத்தில் வரிசையாகக் காரை ஏற்றி நிறுத்தினார்களே, அது சும்மா இல்லை. இன்ஜினுக்குள் தண்ணீர் போய் வரும் சேதம் சாதாரண பாலிசியில் சேராது, 'இன்ஜின் புரொடெக்ட்' என்று தனியாக எடுத்திருக்க வேண்டும். தேங்கிய தண்ணீரில் வண்டி நின்றுவிட்டால் மறுபடி ஸ்டார்ட் பண்ணவே பண்ணாதீர்கள், தள்ளி ஓரங்கட்டிவிட்டு கம்பெனிக்கு போன் போடுங்கள்.

வண்டி வந்ததும் நம்பர் பிளேட்டைப் பாருங்கள். கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து இருந்தால்தான் அது முறையான செல்ஃப் டிரைவ் வண்டி. தெரிந்தவர் மூலம் மலிவாகக் கிடைக்கிறது என்று வெள்ளை போர்டு வண்டியை எடுத்தால், சொந்த உபயோகத்துக்கான பாலிசியில் வாடகைக்கு விட்டதைக் காட்டியே இன்சூரன்ஸ் கம்பெனி கிளெய்மை மறுத்துவிடலாம். அரசின் எம்பரிவாகன் ஆப்பில் நம்பரைப் போட்டால் இன்சூரன்ஸ் எதுவரை என்பதும் தெரிந்துவிடும். சாவியை வாங்குமுன் நாலு பக்கமும், வீல், பம்பரின் கீழ்ப்பக்கம் உட்பட, டெலிவரி பையன் கண்ணெதிரே வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள்.