1975 புளூ ரிட்ஜ்: மேல்தளத்தில் எதை வைப்பது, எதை விடுவது?

வாசகர் ஒருவரின் கேள்வி: யுஎஸ்எஸ் புளூ ரிட்ஜ் என்ற அமெரிக்கக் கட்டளைக் கப்பலின் மாதிரியை 1/700 அளவில் செய்துகொண்டிருக்கிறேன். வியட்நாம் போரின் முடிவில், 1975 ஏப்ரலில் சைகோனிலிருந்து மக்களை வெளியேற்றியபோது இருந்த தோற்றம்தான் வேண்டும். கிடைக்கும் படங்கள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. மேல்தளம் மொட்டையாக இருப்பதால் ஏதோ பாகம் விட்டுப்போனதுபோலத் தெரிகிறது. எவற்றைப் பொருத்த வேண்டும்?

பதில்: எதுவும் விட்டுப்போகவில்லை. அந்தத் தளத்தை வேண்டுமென்றேதான் மொட்டையாக விட்டார்கள். இந்த மாதிரியைக் கெடுப்பதும் பெரும்பாலும் காலி இடத்தை நிரப்பிவிடும் ஆசைதான்.

தளபதிகள் இருந்து படையை இயக்குவதற்கானவை கட்டளைக் கப்பல்கள். அமெரிக்கக் கடற்படையின் பழைய கட்டளைக் கப்பல்கள் சரக்குக் கப்பல் உடலில் உருவானவை. சுமார் 16 நாட் (மணிக்கு 16 கடல்மைல்) வேகம்தான். தரையிறக்கப் படையின் புதிய கப்பல்கள் 20 நாட்டில் போகத் தொடங்கியதும் இவற்றால் கூடவே போக முடியவில்லை. அதனால் ஐவோ ஜீமா வகை ஹெலிகாப்டர் கப்பலின் உடலையும் இயந்திர அமைப்பையும் எடுத்துக்கொண்டு புளூ ரிட்ஜை வடிவமைத்தார்கள்: இரண்டு கொதிகலன், ஒரே புரொப்பெல்லர், 22,000 குதிரைத்திறன், 23 நாட். அந்த வகையில் ஹெலிகாப்டர் கொட்டகை இருந்த இடத்தைக் கட்டளை அறைகளும் தங்கும் அறைகளும் பிடித்துக்கொண்டன. பிலடெல்பியாவில் கட்டப்பட்ட கப்பல் 1970 நவம்பர் 14 அன்று பணியில் சேர்ந்தது.

தளம் காலியாக இருப்பதற்குக் காரணம் ரேடியோ. ஒரே கப்பலில் பல அலைவரிசைகளில் ஒரே நேரத்தில் அனுப்பவும் கேட்கவும் வேண்டும். ஆன்டெனாக்கள் நெருங்கினால் பக்கத்து ஒலிபரப்பே கேட்கும் கருவியைச் செவிடாக்கிவிடும். துருப்பிடித்த இணைப்பு, உராயும் சங்கிலி போன்றவை வேறொரு தொல்லை. 6 மெகாஹெர்ட்ஸிலும் 8 மெகாஹெர்ட்ஸிலும் அனுப்பினால், அந்தத் துருவே இரண்டையும் கலந்து 4-லும் 10-லும் யாரும் அனுப்பாத சமிக்ஞையை உண்டாக்கும். ஆகவே மேற்கட்டுமானத்தை நடுவில் ஒடுக்கி, முன்னும் பின்னும் தட்டையாக விட்டு, ஆன்டெனாக்களை இடைவெளியோடு நிறுத்தினார்கள். கைப்பிடிக் கம்பி, பெட்டி, காற்றுக்குழாய் என்று உங்கள் கற்பனையில் எதையும் சேர்க்காதீர்கள்.

அடுத்தது அளவு. நீளம் சுமார் 193 மீட்டர்; 1/700-இல் 27.6 செ.மீ. அகலத்தில்தான் பலர் தவறுகிறார்கள். ஏடுகளில் காணும் 33 மீட்டர் (4.7 செ.மீ.) இரு பக்கமும் துருத்தும் மேற்பகுதியையும் சேர்த்தது. நீர்மட்டத்தில் உடல் சுமார் 25 மீட்டர், அதாவது 3.6 செ.மீ.தான். உடல் முழுவதையும் 4.7-க்குச் செதுக்கினால் கப்பல் தெப்பம் மாதிரி ஆகிவிடும். அந்தத் துருத்தலின் கீழே குடைந்த இடத்தில்தான் படகுகள் தொங்கும். அந்த நிழல் தெரிய வேண்டும் என்பதால், படகுகளை ஒட்டுவதற்கு முன்பே உட்புறத்துக்குச் சாயம் பூசிவிடுங்கள்.

ஆயுதங்களை வைத்து ஆண்டைச் சொல்லிவிடலாம். தொடக்கத்திலிருந்தே இரண்டு இரட்டைக்குழல் 3 அங்குலப் பீரங்கிகள் உண்டு. 1974-இல் இரண்டு சீ ஸ்பாரோ ஏவுகணைப் பெட்டிகள் வந்தன. உங்கள் கப்பலுக்கு இந்த இரண்டும் வேண்டும். முன்முனையிலும் பின்முனையிலும் தெரியும் வெள்ளைத் தலை ஃபேலன்க்ஸ் தானியங்கித் துப்பாக்கிகள் 1980களின் சேர்க்கை. மாதிரிப் பாகங்கள் வரும் கிட்டில் இருந்தாலும் தனியே எடுத்து வையுங்கள். பீரங்கியும் ஏவுகணையும் 1990களில் அகற்றப்பட்டன. அவை இல்லாமல் ஃபேலன்க்ஸ் மட்டும் தெரியும் படத்தை உடனே ஒதுக்கிவிடலாம். 2016 மார்ச்சில் கப்பல் கொழும்புக்கு வந்தபோது எடுத்த படங்கள் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் உங்களுக்கு உதவாது. செயற்கைக்கோள் தொடர்புக்கான பெரிய வெள்ளை உருண்டைகளையும் விட்டுவிடுங்கள்.

சவுக்குபோல் மெலிந்து நிற்கும் விப் ஆன்டெனாக்களில் பொதுவானது 35 அடி நீளம். உங்களுக்கு 15 மி.மீ. 0.2 மி.மீ. பித்தளைக் கம்பியை வெட்டி, தளத்தில் 0.3 மி.மீ. துளையிட்டுச் செருகி, அடிப்பக்கத்திலிருந்து ஒரு பொட்டு சூப்பர் குளூ வையுங்கள். மேலிருந்து விட்டால் அதன் ஆவி சாயத்தின்மேல் வெண்படலமாகப் படியும். கம்பிகளைக் கடைசியில் நிறுத்துங்கள். முதலிலேயே நிறுத்தினால் கைபட்டு வளையாமல் இராது.

ஏப்ரல் 29, 30 காட்சி என்றால் பின்தள ஹெலிகாப்டர் மேடைதான் மையம். கொட்டகை கிடையாது, ஒன்று நிற்கும்போது இன்னொன்றுக்கு இடமில்லை. தென் வியட்நாமின் ஹியூயி ஹெலிகாப்டர்கள் அழையாமலே வந்து குவிந்ததால் கடலில் தள்ளவேண்டியதாயிற்று. சில விமானிகள் கப்பலருகே நீரில் குதித்தார்கள். 30-ஆம் தேதி விடியலில் சைகோனிலிருந்த அமெரிக்கத் தூதர் கிரஹாம் மார்ட்டின் வந்திறங்கியது மரைன் படையின் இரட்டைச் சுழல்விசிறி ஹெலிகாப்டரான சிஎச்-46-இல். ஹியூயியின் சுழல்விசிறி 14.6 மீட்டர், 2.1 செ.மீ. சிஎச்-46 விசிறி நுனியிலிருந்து நுனிவரை 3.7 செ.மீ. ஹியூயி வந்த கணமா, தூதர் வந்த கணமா என்று முடிவுசெய்து, ஒரு ஹெலிகாப்டரை மட்டும் வையுங்கள்.

சாயம்: செங்குத்துப் பகுதிகளுக்கு ஹேஸ் கிரே என்ற சாம்பல் (அமெரிக்க அரசின் வண்ணக் குறியீட்டில் எஃப்எஸ் 26270, மங்கல் பூச்சுக்கு 36270), தளத்துக்கு அடர் சாம்பல், நீர்மட்டக் கோட்டுக்குக் கறுப்பு. முன்முனையில் கறுப்பு நிழலோடு வெள்ளையில் கப்பலின் எண் 19. படம் பார்க்கும்போதும் அந்த எண்ணை முதலில் பாருங்கள். 20 என்றிருந்தால் அது உடன்பிறப்பான மவுண்ட் விட்னி, 1975-இல் அமெரிக்காவின் கிழக்குக் கரைப் படையில் இருந்தது.